தொப்பியோடு அளந்த தோட்டாக்கள்

அன்பு மகள் டெல்லாவுக்கு,

என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் டப்ளின் மழையில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மொன்டானாவில் செப்டம்பரிலேயே மலை உச்சி வெளுத்துவிட்டது. அம்மா சோக்செர்ரிக் காட்டுப்பழ ஜாம் பதினாறு பாட்டில் போட்டாள். பக்கத்துப் பண்ணை ஆர்லோவின் பசு வேலியை உடைத்து நம் முட்டைக்கோஸை மேய்ந்தது, அவன் வருத்தம் தெரிவிப்பதற்குப் பதில் "கொஞ்சம் உப்பு கம்மின்னு சொல்லுது" என்றான்.

அம்மாவுக்கு இந்த வருஷம் எல்க் மான் வேட்டைக்கான குலுக்கலில் அனுமதிச் சீட்டு விழுந்திருக்கிறது, ஒன்பது வருஷ விண்ணப்பத்துக்குப் பிறகு. தாத்தாவின் பழைய துப்பாக்கியைத்தான் எடுத்துப் போவேன் என்கிறாள். நீ பதினேழு வயதில் கடைசியாகச் சுட்டதும் அதுதான், அதன் பேச்சை எடுத்தாலே நீ வேறு பேச்சுக்குத் தாவுவாய், தெரியும், ஆனாலும் இந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்துவிடாதே. அந்த வருஷம் நான் வீட்டில் செய்த தோட்டாக்களில் ஏழு அலமாரியில் மீதி இருந்தன. ஆர்லோவின் வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால், நூறு கஜத்தில், மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து அம்மா ஐந்தைச் சுட்டாள். மூன்று நடுவில் விழுந்தன, ஒன்று நான்கு அங்குலம் தள்ளி, இன்னொன்று கீழே. "லோரீன், அந்தக் கொட்டகையே தப்பிச்சிடும் போலிருக்கே, இத வித்துட்டுப் புதுசு வாங்கு" என்று அம்மாவிடம் சொன்னான் ஆர்லோ. துப்பாக்கிக் குழாய் தேய்ந்திருக்கும் என்று நானும் ஒத்து ஊதினேன். அம்மா மீதி இரண்டையும் சமையல் மேஜைக்குக் கொண்டுவந்து அளந்தாள்.

நான் எப்படிச் செய்வேன் என்று உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தோட்டாவையும் அடியிலிருந்து குண்டின் முனைவரை அளந்து, மயிரிழை கூடினாலும் குண்டைப் பித்தளைக் கூட்டுக்குள் இன்னும் கொஞ்சம் அழுத்துவேன், எல்லாம் ஒரே நீளம் வரும்வரை. அதில் எனக்கு எவ்வளவு பெருமை! ஆனால் அந்தக் குண்டுகளின் முனை மெத்தென்ற ஈயம், ஒன்று மழுங்கியிருக்கும், ஒன்று நீண்டிருக்கும். துப்பாக்கிக்கு முனை ஒரு பொருட்டே இல்லை. குண்டின் தோள், அதாவது அது முழுப் பருமனை எட்டும் இடம், குழாயின் உள்ளே சுருள்வரிகள் தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறது என்பதுதான் கணக்கு. என் தோட்டாக்களில் அது ஒன்றுக்கொன்று மாறியிருந்தது. வகுப்புப் பிள்ளைகளைத் தொப்பியோடு நிற்க வைத்து, எல்லோரும் ஒரே உயரமாகத் தெரிய சிலரை முழங்கால் மடக்கச் சொன்னதற்கு ஒப்பான வேலை நான் செய்தது.

பிறகு அவள் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்று முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் எழுதியவன் நான், செய்து காட்டியவள் அவள். வெடிமருந்து அதே அளவு, அதுவும் கையேட்டில் சொன்னதற்குள். கூடுகள் ஒரே வகை. தோளில் அளந்து, குண்டு உட்காரும் ஆழத்தை மட்டும் ஒரு தாள் தடிமன், இரண்டு தாள் தடிமன் என்று கூட்டிக்கொண்டே போனாள், ஒவ்வோர் ஆழத்துக்கும் ஐந்து தோட்டா. வரிகளை ஒட்டி வைத்தால்தான் நேராகப் போகும் என்று ஆர்லோ சத்தியம் செய்தான், அவள் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் குழாய் ஆறும்வரை மடியில் கிண்ணத்தை வைத்து ஆப்பிள் தோல் சீவினாள். நான்காவது ஆழத்தில் ஐந்து ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன, கால் டாலர் காசு வைத்தால் மறைந்துவிடும். ஆர்லோ தொப்பியைக் கழற்றி, "நான் வாயே தொறக்கல" என்றான். "இத்தன நேரம் தொறந்துதான இருந்துச்சு" என்றாள் அம்மா.

நான் கைதட்டினேன். அவள் சிரிக்கவில்லை. முதலில் சுட்ட குறி அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, "வாத்தியாரே, இந்த நாலு அங்குலம் இருநூத்தம்பது கஜத்துல எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள். பத்து என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்க்கின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் உள்ள தூரம் அது. பதினேழு வயதில் நீ நெஞ்சுக்குத்தான் குறிவைத்தாய், பட்டது வயிற்றில். காயத்தோடு ஓடியதை இரண்டு நாள் ரத்தத்தடம் பார்த்துத் தேடினாய், மூன்றாம் நாள் பனி எல்லாவற்றையும் மூடிவிட்டது. அன்று நான் உனக்கு மூச்சை அடக்கி விசையை இழுப்பது எப்படி என்று பாடம் நடத்தினேன். என் தோட்டாப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அவ கை தப்பு பண்ணல, எம்மெட். பதினோரு வருஷமா உன் தப்ப அவ சுமந்துட்டிருக்கா. நீயே எழுது" என்றாள் அம்மா.

எழுதிவிட்டேன். என்னை மன்னித்துவிடு மகளே. இரண்டு அட்டைகளையும் இதோடு வைத்திருக்கிறேன், ஓரத்தில் பென்சிலில் இருப்பது அம்மாவின் கணக்கு, அதில் ஒரு இடத்திலும் திருத்த எனக்கு ஒன்றுமில்லை. பதிலை அவளுக்கு எழுது.

உடம்பும் மனமும் நன்றாக இருந்து நீண்ட நாள் வாழ்வாயாக. அக்டோபரில் வந்தால் அம்மாவோடு மலை ஏறலாம், வராவிட்டாலும் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் யாராவது வேட்டைக்குக் கூப்பிட்டு, உனக்குப் போக விருப்பமில்லையென்றால், வேண்டாம் என்று மட்டும் சொல், என் கை சரியில்லை என்று இனிமேல் சொல்லாதே. அது உண்மை இல்லை.

அன்புடன்,
அப்பா
எம்மெட்