எனக்கும் ஒரு ஜோடி

18 ஜூன், செவ்வாய்
பள்ளி திறந்ததிலிருந்து என் ஏழாம் வகுப்பு சௌமியா வரவில்லை. இன்று வீட்டுக்கே போனேன். தன் அம்மா செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைத்துக்கொண்டிருந்தாள். ஃபாக்டரி ஏஜெண்ட் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போகும் வேலை. செண்பகத்துக்கு விரல் மடங்கவில்லை. “தினம் பத்து ஜோடி குடுக்கலன்னா வேற வீட்டுக்குக் குடுத்துடுவாங்க டீச்சர்.”

பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இதுவா வேலை? வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன்.

21 ஜூன், வெள்ளி
இன்றும் வரவில்லை. குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்துவிட்டேன்.

26 ஜூன், புதன்
திங்களன்றே அதிகாரிகள் வந்து எழுதிக்கொண்டு போனார்களாம். மறுநாளே ஏஜெண்ட் இருதயராஜ் அந்தத் தெரு முழுக்க வேலையை நிறுத்திவிட்டான். பதினோரு வீடு. கோழை.

27 ஜூன், வியாழன்
பள்ளி வாசலில் ஒன்பது பெண்கள். செண்பகத்தின் எதிர்வீட்டு தில்ஷாத்தான் பேசினாள். “உங்கள யாரு கேட்டாங்க? எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சிட்டீங்க.”

நானும் விடவில்லை. “தினமும் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க? ஒருத்தியாவது அந்தப் பொண்ணு கையில இருந்து ஊசிய வாங்கினீங்களா?”

“நீங்க வாங்கினீங்களா? திட்டிட்டுதானே போனீங்க.”

ஆமாம், திட்டிவிட்டுத்தான் வந்தேன். அதுதான் ஆத்திரம். சௌமியா படிக்கணும்னு நினைச்சது தப்பா? தலைமையாசிரியரும் என்னைத்தான் அடக்கினார்.

1 ஜூலை, திங்கள்
தெருவில் ஒருத்தி கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

5 ஜூலை, வெள்ளி
ஏற்றுமதி அவசரம். இருதயராஜ் தானாகவே வேலையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டான். பிள்ளைகள் கை வைக்கக் கூடாதாம். ஆனால் பத்து ஜோடியில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. அப்படியென்றால் செண்பகம் எப்படி முடிப்பாள்? போன் செய்தபோது இதை யோசித்தேனா? இல்லை.

8 ஜூலை, திங்கள்
சௌமியா வந்துவிட்டாள். கடைசி பெஞ்ச். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

மாலையில் தில்ஷாத் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செண்பகத்தால் முடியாத ஜோடிகளை வீட்டுக்கு ஒன்றாகத் தெருவே தைக்கிறதாம். பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இது உங்க வீட்டுது. காலைல வேணும்.”

12 ஜூலை, வெள்ளி
நான் தைத்ததை இன்றும் என் எதிரிலேயே பிரித்தாள் தில்ஷாத். “கோணல்” என்றாள். நாளைய ஜோடியை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.