இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்பாய். அதனால் கேட்கவில்லை. டயாலிசிஸ் வார்டில் போன் பேச விடுவதில்லை, நாலு மணி நேரம் ஓட மாட்டேன் என்கிறது, கடிதமாவது போடு என்றாயே, இதோ.

உனக்குக் கிட்னி கொடுக்க நான் தகுதியா என்று இங்கே எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ரத்த வகை பொருந்துகிறது. ஓட்டல் சலவைப் பிரிவில் விடுப்பு கேட்டேன். "ஒரு கிட்னி போதுமா உனக்கு?" என்றார் மேற்பார்வையாளர். "நீங்க தர்ற சாப்பாட்டுக்கு அரையே போதும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு சின்ன விஷயம். வெறும் வயிற்றில் சர்க்கரை 119. நூறுக்குள் இருக்க வேண்டுமாம். "126 தொட்டாதான் சர்க்கரை நோய்னு சொல்லுவோம். ஆனா கிட்னி கொடுக்கறவங்களுக்கு இத இப்படியே விட முடியாது" என்றார் டாக்டர். அடுத்த வியாழக்கிழமை குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்ப்பார்கள். நீ மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

உன் வாலு

மார்ச் 7

என் வாலுக்கு,

வலது கையில் ஊசி. இடது கையால் எழுதுகிறேன், கோணலைப் பார்த்துச் சிரிக்காதே.

சோதனைக்கு முந்தின மூன்று நாளும் வழக்கம்போல் சாப்பிடு. பட்டினி கிடந்து நல்லபடி காட்டப் பார்க்காதே. அன்றைக்குக் காலையில் தண்ணீர் மட்டும். தாகம் அதிகமா? அடிக்கடி பாத்ரூம் போகிறாயா? மாமா குட்டி போட்ட பூனைபோல வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

அக்கா

மார்ச் 14

அக்கா,

முதலில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு டம்ளர் குளுக்கோஸ். ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் நகராமல் உட்கார வேண்டும். பத்து வருஷமாக நின்றே வேலை பார்ப்பவளுக்கு உட்காருவதுதான் கஷ்டம். அப்புறம் மறு கையில் ரத்தம்.

218. இருநூறே எல்லை. மூன்று மாதச் சராசரியும் பார்த்தார்கள், 6.8. அதற்கு எல்லை 6.5.

"ஒண்ணு மட்டும் கூடியிருந்தா இன்னொரு நாள் திரும்ப எடுப்போம். ரெண்டு வேற வேற சோதனையும் தாண்டிருச்சு. இது சர்க்கரை நோய்தான். கிட்னி கொடுக்க முடியாதும்மா" என்றார் டாக்டர்.

"சரிங்க" என்றேன். கையில் அழுத்தியிருந்த பஞ்சை எங்கே போட என்று கேட்டேன். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ் என் முன்னால் நின்று போயின. ஏறவில்லை.

கிளம்பும் முன் டாக்டர், வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டார். இல்லை, அக்காவுக்குப் பிரஷரால் கிட்னி போனது என்றேன். எழுதிக்கொண்டார்.

என்னை மன்னித்துவிடு.

வாலு

மார்ச் 18

வாலு,

நீ எதற்கு மன்னிப்புக் கேட்கிறாய்?

எனக்குப் பிரஷர் பிறகு வந்தது. முதலில் வந்தது சர்க்கரை. பதினொரு வருஷமாகிறது. காலில் புண் ஆறவில்லை என்று போனேன், 312 என்றார்கள். அப்போது உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். "வெளியில சொல்லாதடி, தங்கச்சிக்கும் வரும்னு தட்டிக் கழிப்பாங்க" என்றாள் அம்மா. சொல்லவில்லை. உன் கல்யாணம் முடிந்தது. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அப்புறமும் சொல்லவில்லை. காரணம் ஒன்றும் இல்லை, பழகிவிட்டது. சர்க்கரை மாத்திரையைச் சத்து மாத்திரை என்று பொய் சொன்னேன். நீ ஒரு முறை எனக்கும் ஒன்று கொடு என்று கை நீட்டினாய். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

சொல்லியிருந்தால் நீ வருஷா வருஷம் பார்த்திருப்பாய்.

கிட்னி தருகிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு வாயைத் திறந்தேன். சொன்னால் உன்னை வேண்டாம் என்று விடுவார்களோ என்று மூடிக்கொண்டேன். எனக்கு வாழ ஆசையாக இருந்தது.

டாக்டரிடம் உண்மையைச் சொல். கண்ணையும் காலையும் வருஷம் தவறாமல் பார். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்.

அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பாட்டு இடைவேளையில் இஸ்திரி மேஜை மேல் வைத்துப் படித்தேன். இன்னொரு தடவையும் படித்தேன். பிறகு நாற்பது தலையணை உறை தேய்த்தேன். ஒன்றுகூடக் கருகவில்லை. கோபப்பட வேண்டும் என்று தெரிகிறது, வரவில்லை. அழுகையும் வரவில்லை.

மாத்திரை தொடங்கியாயிற்று. கண் நன்றாக இருக்கிறது. புரதம் போகவில்லை. "இந்தச் சோதனைக்கு வரலேன்னா இன்னும் பல வருஷம் தெரியாமலே போயிருக்கும்" என்றார் டாக்டர்.

மாமாவிடம் பேசினேன். கிட்னிக்குக் காத்திருப்போர் பட்டியலில் வெள்ளிக்கிழமை உன்னைப் பதிகிறார். கையெழுத்துப் போட அடம்பிடிக்காதே. டயாலிசிஸ் நாளைத் தவறவிடாதே.

கோபம் வந்ததும் நேரில் வருகிறேன். இரண்டு நாள் தங்குகிற மாதிரி வருவேன். அதுவரை கடிதம் போடாதே. வந்தால் பிரிக்காமல் வைக்க எனக்குத் தெரியாது.

தங்கை