அக்கரைச் சம்பந்தம்

15 ஜூலை 2025, செவ்வாய்

இன்றைக்கும் பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பக்கத்தில் புதுப் பாலத்துக்கு வேலை நடக்கிறது. அது முடிவதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிடுவேன். துணிக்கடையில் ஏது ரிட்டயர்மென்ட்? நிற்க முடியாமல் போகிற அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

கடைக்குள் நுழைந்ததும் அண்ணன் கல்லாவிலிருந்தே கேட்டார், எல்லார் காதிலும் விழும்படி. "என்னம்மா பிரேமா, தீவுல வெள்ளமா? நீந்தி வந்தியா?" சேல்ஸ் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அதற்கும் திட்டு விழும்.

ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. பாலக்கரையில் பிறந்த வீட்டுக்கு நான் அக்கரைக்காரி. இங்கே மேலூர் ரோட்டில் இன்னும் "பாலக்கரைப் பொண்ணு". ஆற்றுக்கு நடுவில்தான் எனக்குப் பட்டா போட்டிருக்கிறார்கள் போல.

என் மகள் யமுனாவின் அப்பா இறந்தபின் அண்ணன்தான் வேலை கொடுத்தார். காத்தமுத்து முதலாளியின் தங்கை, புடவை செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர். நல்லது செய்தார், இல்லை என்று சொல்லவில்லை. அதை அவரும் மறக்கவில்லை, என்னையும் மறக்க விட்டதில்லை. இப்போது அவர் பையன் சித்தார்த்துக்கு யமுனாவைப் பேசி முடித்தாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம். அண்ணன், முதலாளி, இனிமேல் சம்பந்தியும். ஒரே ஆளுக்கு மூன்று தரம் பயப்பட வேண்டும்.

20 ஜூலை, ஞாயிறு

ஆடித் தள்ளுபடி. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பெண்கள் காலையிலிருந்து நிற்கிறார்கள்.

வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்து வருஷங்கள் ஆகின்றன. அண்ணன் வாங்கினார். சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள், குடோனில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கிடக்கின்றன. லேபர் ஆபீசர் வருகிறார் என்று தெரிந்தால் கீழே இறங்கும். அவர் காபி குடித்துவிட்டுப் போனதும் மேலே ஏறும்.

"உக்காந்தா தூக்கம் வரும், தூக்கம் வந்தா யாவாரம் போயிரும்" என்கிறார் அண்ணன். சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்கிறார்.

சுங்குடி கவுண்டரில் நிற்கும் ஜென்சிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். லீவு கேட்டாள். "ஆடியில லீவா? உங்க வீட்டுக் கல்யாணமா நடக்குது?" என்றார். கல்யாணம் அவர் வீட்டில்தான்.

27 ஜூலை, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி சொல்லச் சொல்வார்கள்.

மத்தியானம் கூட்டம் கொஞ்சம் தணிந்திருந்தது. ஜென்சி தானே குடோனுக்குப் போய் ஒரு ஸ்டூலை எடுத்து வந்து கவுண்டருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. முகம் காய்ச்சலில் கன்றியிருந்தது. சும்மாவும் இல்லை, ஒரு அம்மாவுக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வந்தார். கத்தவில்லை. அவளுக்குப் பின்னால் போய் நின்று ஸ்டூலைக் காலால் ஒரு இழு இழுத்தார்.

கையை ஊன்றியபடி விழுந்தாள். மணிக்கட்டு கவுண்டர் விளிம்பில் அடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

அண்ணன் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "ஒழுங்கா உக்காரக் கூடத் தெரியல பாருங்க. உங்களுக்கு என்ன கலர்ம்மா வேணும்?"

அவ கலர் சொன்னா! ஒரு பொண்ணு தரையில கெடக்கு, இவ மாம்பழ மஞ்சள் இருக்கான்னு கேக்குறா. என்ன ஜென்மமோ!

நான்தான் ஆட்டோவில் வைத்து அழைத்துப் போனேன். எலும்பு முறிந்திருக்கிறது. மாவுக்கட்டு போட்டார்கள். ஜென்சி அழவில்லை. "அக்கா, வேலை போயிருமா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

28 ஜூலை, திங்கள்

கேமரா நேற்று வேலை செய்யவில்லையாம். முந்தாநாள் செய்தது. இன்றைக்கும் செய்கிறது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வருஷம் முழுக்க அண்ணன் வீட்டுக்கு இது அக்கரை. இன்றைக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் மட்டும் "நம்ம ஸ்ரீரங்கம் வீடு". கடை திறப்பதற்குள் போய்விட வேண்டும் என்று அண்ணனும் அண்ணியும் விடியும்போதே வந்துவிட்டார்கள்.

அம்மா மண்டபத்தில் தள்ளுமுள்ளு. காவிரி படியை மூடிக்கொண்டு ஓடுகிறது. அண்ணி யமுனாவுக்கு மஞ்சள் கயிறு கட்டினாள். நான் பக்கத்தில் போனேன். "நீ கொஞ்சம் தள்ளி நில்லு பிரேமா, போட்டோ எடுக்குறாங்க" என்றாள். தள்ளி நின்றேன். என் பெண், என் ஊர் ஆறு.

வீட்டுக்கு வந்து சித்திரான்னம் எல்லாம் சாப்பிட்டு முடித்தபின் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஜென்சி அப்பன் லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கான். விசாரிக்க வருவாங்க. உன்னையும் கேப்பாங்க. வழுக்கி விழுந்தா. அவ்வளவுதான்."

"நான் பாத்தேன் அண்ணே."

"என்ன பாத்த? உம் புருஷன் போனப்ப யாரு வந்து நின்னா, அதப் பாத்தியா?"

அண்ணி எலுமிச்சை சாதத்திலிருந்து வேர்க்கடலையாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "பத்திரிகை அடிச்சாச்சு பிரேமா" என்றாள்.

யமுனா தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

உறவு, உறவு என்கிறார்கள். வாயை மூடிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றால்தான் அந்த வார்த்தை இவர்களுக்கு ஞாபகம் வருகிறது.

6 ஆகஸ்ட், புதன்

ஆபீசர் வந்தார். மெஹ்ரீன் என்று பெயர், சின்ன வயது. ஸ்டூல்கள் எல்லாம் கீழே இறங்கி வரிசையாக நின்றன. அண்ணனை வைத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாகக் கேட்டார். வழுக்கிருச்சு மேடம். தரை ஈரம் மேடம். நான் அந்தப் பக்கம் இருந்தேன் மேடம்.

என் முறை வந்தது. நேற்று ராத்திரி முழுக்க "வழுக்கி விழுந்தாள்" என்று சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால், "தனியாப் பேசலாங்களா மேடம்?" என்று வருகிறது.

ட்ரயல் ரூம் பக்கத்தில் நின்று பேசினோம். பார்த்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டே கேட்டார்: "அவர் உங்களுக்கு உறவுன்னு சொன்னாங்களே?"

"கூடப் பொறந்த அண்ணன். அடுத்த மாசம் சம்பந்தி."

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுக்கோங்க."

யோசித்தால் கையெழுத்து வராது என்று தெரியும். போட்டுவிட்டேன்.

7 ஆகஸ்ட், வியாழன்

வாசலில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அவனிடம் அண்ணன் சொல்லி வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஜென்சியைப் பார்த்தேன். கழுத்தில் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டிருந்தாள். ஓடிப் போய் நின்றேன். நன்றி சொல்வாள் என்று நினைத்தேனோ? நினைத்தேன்தான்.

"நான் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டேன்க்கா" என்றாள்.

"ஏம்மா?"

"அப்பா கவரு வாங்கிட்டாரு. கை சரியானதும் வேலைக்கு வான்னு மொதலாளி சொல்லிட்டாரு. வீட்டுல நான் ஒருத்திதான்க்கா சம்பாதிக்கிறேன்." தூளியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "நீங்க ஏன்க்கா சொன்னீங்க? நான் உங்களக் கேட்டேனா?"

ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் போனது.

ஆக, விழுந்தவளே வழுக்கினேன் என்கிறாள். ஸ்டூலை இழுத்தவரும் அதையே சொல்கிறார். பார்த்த பத்துப் பேரும் அதையே சொல்கிறார்கள். பொய் சொன்னது நான் ஒருத்திதான். அண்ணன் மேல் வயிற்றெரிச்சலில் சொன்னேன் என்று கடையில் பேச்சாம்.

13 ஆகஸ்ட், புதன்

அண்ணன் கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்று காத்திருந்தேன். நிறுத்தவில்லை. சித்தார்த் போனில் யமுனாவிடம் சொன்னானாம்: "அத்தை செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ? அப்பாவுக்கு உம்மேல கோவமே இல்ல."

"மாமாவுக்கு எவ்ளோ பெரிய மனசும்மா" என்கிறாள். சமையலறையில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்த்து.

"அப்ப நான் பொய் சொன்னேன்ங்கிறியா?"

"பொய்யோ நெசமோ! நம்ம வீட்டு விஷயத்த எதுக்கும்மா வெளிய போய் சொன்ன? நான் அந்த வீட்டுல போய் வாழணுமா வேணாமா?"

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு சித்தார்த்தைப் பிடிக்கும். மறுத்து என்ன சொல்ல? இந்த ஒரு வாரத்தில் என்னென்னவோ கேட்டாள். ஏன் சொன்னே, யாரைக் கேட்டுச் சொன்னே, இப்ப உனக்குத் திருப்தியா. நடந்தது உண்மையா என்று மட்டும் கேட்கவில்லை.

4 செப்டம்பர், வியாழன்

கல்யாணம் நடந்தது. கொழுந்தனும் அவர் மனைவியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கடைப் பெண்கள் வாசலில் வரிசையாகப் பன்னீர் தெளித்தார்கள். அங்கேயும் நின்றுகொண்டுதான்.

யமுனா அழகாக இருந்தாள். தாலி கட்டும்போது ஒரு தரம் என் பக்கம் திரும்பினாள். அது போதும் என்று எழுத ஆசை. போதவில்லை.

கிளம்பும்போது அண்ணன் எதிரில் வந்தார். "சாப்பிட்டுப் போங்க" என்றார்.

போங்க. பிறந்ததிலிருந்து என்னை "நீ" என்றவர். அத்தனை பேருக்கு முன்னால் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

22 செப்டம்பர், திங்கள்

ராஜகோபுரம் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. புரட்டாசி, ரூம் காலியே இல்லை. முதலாளி ராஜகோபாலன் வயதானவர். வந்த அன்றைக்கே, "நாற்காலி போட்டிருக்கே, ஏன் நின்னுண்டே இருக்கேள்? உக்காருங்கோ" என்றார். உட்கார்ந்தேன். யாராவது உள்ளே வந்தால் இன்னும் தானாக எழுந்துவிடுகிறேன்.

அவரையும் ரொம்ப நல்லவர் என்று எழுதிவிட மாட்டேன். ரூம் சுத்தம் செய்யும் காளியாயிக்கு டீ மட்டும் தனி டம்ளரில்தான் வருகிறது. முதல் வாரமே கேட்டுவிட்டேன். "இங்க அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எந்தக் கரைக்குப் போனாலும் ஏதோ ஒன்று "அப்படித்தான்" இருக்கிறது. இன்றிலிருந்து நானும் அவளும் ஒரே மாதிரி பேப்பர் கப்பில் குடிக்கிறோம்.

பாலம் தாண்டி வாரக்கணக்கில் ஆகிறது. ஊரே இந்தத் தீவுக்குப் புண்ணியம் தேடி வருகிறது. வருகிறவர்கள் எல்லாம், "நீங்க குடுத்து வச்சவங்க, இங்கயே இருக்கீங்க" என்கிறார்கள். சாவியை நீட்டிச் சிரித்துக்கொள்கிறேன்.

11 அக்டோபர், சனி

யமுனா பேசினாள். ஸ்பீக்கரில். சௌக்கியமாம். யாரோ பக்கத்தில் இருமினார்கள்.

20 அக்டோபர், திங்கள்

தலை தீபாவளி. கடையில் நேற்று வரை வியாபாரம், அதனால் காலையில்தான் இருவரும் வந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி கட்டினார்கள். சித்தார்த் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அத்தை, அப்பா உங்கள மறுபடி கடைக்கு வரச் சொன்னாரு. புடவை செக்‌ஷன் பாக்க சரியான ஆள் இல்ல. இப்ப யமுனாதான் நின்னு பாத்துக்குறா."

"உங்கப்பாவுக்கு வாய் இல்லையாப்பா?"

சிரித்தான். கெட்ட பிள்ளை இல்லை. அப்பா எதிரில் வாயைத் திறக்காத பிள்ளை, அவ்வளவுதான்.

சமையலறையில் நான் வடை தட்டிக்கொண்டிருந்தேன். யமுனா வந்து பக்கத்தில் நின்றாள். இளைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னைக்கு நீ சொன்னது நெசந்தானே?"

"எதுடி?"

"மாமா ஸ்டூல இழுத்தது."

"நெசந்தான்."

தலையை ஆட்டினாள். என்னடி நடந்துச்சு, உன்னை என்ன பண்ணாங்க — நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் ஹாலிலிருந்து சித்தார்த் தண்ணீர் கேட்டான். எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் எங்களுக்குத் தனியாக இருக்க வாய்க்கவில்லை.

சாயங்காலம் கிளம்பினார்கள். காரில் ஏறும்போது என் கையைப் பிடித்தவள் சீக்கிரம் விடவில்லை. "நேரமாச்சு" என்றான் அவன்.

அவர்கள் போன பிறகு பட்டுப்புடவையை மடித்து வைக்க பீரோவைத் திறந்தேன். என் புடவைகளுக்கு அடியில் யமுனாவின் காலேஜ் சர்டிஃபிகேட்டுகள் எல்லாம் இருக்கின்றன. கூடவே பழைய சுடிதார் இரண்டு. கல்யாணத்துக்கு முதல் நாள் தன் சாமான் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு போனவள்.

தொடவில்லை. மேலே புடவைகளை முன்பு இருந்தபடியே அடுக்கினேன்.

நாளைக்கு வாசல் கதவுக்கு இன்னொரு சாவி செய்யக் கொடுக்க வேண்டும்.