ஈயம் வைத்து அடைத்த கங்கை

இல்லைடா, இன்னும் சொல்லவில்லை. நீ அதைத்தானே கேட்பாய்? மூன்று வருடமாக உன் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும். "சாப்டியா கண்ணு?" என்பார்கள். "சாப்ட்டேன்மா" என்பேன். அவ்வளவுதான்.

இன்று காலை செம்பை எடுத்து வந்து என் கையில் வைத்தார்கள். நீ அரித்துவாரில் அவர்களுக்காக வாங்கிய அதே கங்கைச் செம்பு. வாயை ஈயம் வைத்து அடைத்தது அப்படியே இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

"என் கடைசி மூச்சுக்கு ஊத்தணும்னு வாங்கியாந்தான். அவன் இல்ல. இனிமே நீதான்பா ஊத்தணும்."

ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் களுக்கென்றது.

அரித்துவார் ஞாபகம் இருக்கிறதா? படிப்பை விட்டுவிட்டு யாத்திரை பஸ்ஸில் பாத்திரம் கழுவப் போனோமே, அப்போது. கொளுத்துகிற சித்திரை வெயில். கங்கைப் படியில் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்தோம். மறுநாள் போனால், நாம் உட்கார்ந்திருந்த படி தண்ணீருக்குள் இருந்தது. மறந்து வைத்த கரண்டியைக் காணோம். சமையல்காரர் திட்டியதுகூட உன் காதில் விழவில்லை.

"ஒரு தூறல்கூட இல்ல. எங்கேர்ந்துடா வந்துச்சு?"

"மேல மலைல பனிடா. வெயில் காஞ்சா உருகி வரும். வெயில் ஜாஸ்தின்னா தண்ணியும் ஜாஸ்தி. நம்ம ஆறு அப்படியா? வானம் பேஞ்சாத்தான்."

பூகோளத்தில் மட்டும் தேறியவன் நான். அந்தத் திமிர்.

"அதே வெயிலு நமக்கு மணலக் குடுக்குது, இவங்களுக்குத் தண்ணியக் குடுக்குது" என்று சிரித்தாய். கால் மரத்துப்போகும்வரை அதில் நின்றுவிட்டு, "கண்ணுக்குத் தெரியாத எடத்துலேர்ந்து வர்ற தண்ணிடா. பயமா இருக்கு" என்றாய். ஊர் திரும்பும்வரை அதைச் சொல்லியே உன்னைக் கிண்டல் செய்தேன்.

அடுத்த வருடம் செங்கம் பக்கம் செய்யாற்று மணலில் தர்பூசணி போட்டோம். மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றினோம். நன்றாகக் காய்த்தது. பௌர்ணமிக் கூட்டத்துக்கு விற்க, திருவண்ணாமலைக் கடைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார்.

அன்று மத்தியானம் நம் தலைக்கு மேல் வெறும் வெயில். தூரத்தில் ஜவ்வாது மலை மேல் மட்டும் கருப்பு. வண்டி கரையில் நின்றது. நீ கூடையை இறக்கிவிட்டு மலையையே பார்த்தாய்.

"மேல கருத்துக்கிச்சு. போதும்டா, கெளம்பலாம்."

"இது என்ன கங்கையா? இங்க ஒரு சொட்டு வுழல. பயந்தாங்கொள்ளி, இன்னும் ஒரு நடை போய்ட்டு வா."

நீ சிரித்துக்கொண்டே போனாய். நான் வண்டி நிழலில் உட்கார்ந்து ஒரு பழத்தை உடைத்தேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. லாரி என்று நினைத்து ரோட்டைப் பார்த்தேன். திரும்புவதற்குள் செத்தையும் முள்ளும் நுரையுமாகச் செந்தண்ணீர் வளைவைத் தாண்டிவிட்டது. "கூடையப் போட்டுட்டு ஓடியாடா!" என்று கத்தினேன். போட்டுவிட்டு ஓடித்தான் வந்தாய். மணலில் கால் புதைந்தது. பாதி வழிகூட வரவில்லை.

அப்போதும் என் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் ஆறு மறுபடியும் மணலாகக் கிடந்தது. உன்னைத் தேடி அதன் நடுவிலேயே நடந்து போனோம். கங்கை ஒரு படி ஏறிக் காட்டியது. நம்முடையது எதையும் காட்டாது. எங்கோ மலையில் பெய்ததை மொத்தமாகக் கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். மழை பெய்தால்தான் தண்ணீர் என்று படித்த நான், எங்கே பெய்தால் என்று யோசிக்கவே இல்லை. நீ யோசித்தாய்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "பழத்துக்கு ஆசப்பட்டு ஆத்துக்குள்ள போனான்." உன் அம்மாவும் நம்பிவிட்டார்கள். "ஒரு கூடை பழம் பெருசாப் போச்சா அவனுக்கு?" என்று என்னிடமே கேட்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். கிளம்பலாம் என்று சொன்னவன் நீ என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

செம்பு என் மடியில் இருக்கிறது. இதை வைத்துக்கொள்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். கேட்ட பிறகும் என்னிடமே இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். பிடுங்கிக்கொண்டால் அதுவும் சரி.

உன் அம்மா தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வருகிறார்கள். போய்க் குடத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். நான் போகிறேன்டா.