குழாயில் காது வைப்பவருக்கு

அன்புள்ள அப்பா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் உங்கள் சாப்பாட்டு டப்பாவின் மேல் வைத்திருக்கிறேன்.

நேற்று நகராட்சிக் கூட்டத்தில் நானும் கடைசி வரிசையில் இருந்தேன். மே மாதம் உலக மலையோட்டப் போட்டிக்கு வருகிறவர்களுக்கும் தண்ணீர் வேண்டும். நான் வேலை பார்க்கும் டேட்டா சென்டரின் இரண்டாவது கட்டிடத்தில் இயந்திரங்களைக் குளிர்விக்கவும் வேண்டும். இரண்டுக்கும் காணுமா என்று, வால்வு திறக்கிற உங்களைத்தான் கேட்டார்கள். "பாத்துக்கலாமுங்க" என்று உட்கார்ந்துவிட்டீர்கள்.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு தெய்வம்மா அக்கா, "ஏனுங்கண்ணா, குழாய்க்குக் காது வெக்கிறவருக்கு வாயில்லீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

வால்வைத் திருகும் நீள இரும்புச் சாவியில் காதை வைத்து, தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று சத்தத்திலேயே சொல்பவர் நீங்கள். காந்தல் மேட்டு வீடுகளுக்கு இப்போதே பாதித் தண்ணீர்தான் ஏறுகிறது என்று அம்மாவிடம் சொன்னீர்களே.

இரண்டாவது கட்டிடம் வந்தால்தான் என் வேலை நிரந்தரமாகும். அதற்காகத்தான் பேசாமல் இருந்தீர்கள். என்னைப் படிக்க வைத்ததும் இப்படித்தான், ஒன்றும் சொல்லாமல்.

திங்கட்கிழமை மறுபடியும் கூட்டம். குழாய் சொன்னதை அப்படியே சொல்லிவிடுங்கள், அப்பா. நான் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மகள்