குழலி பேருக்கு ஒரு தந்தி

மேலகரம்
19-5-1962

சிரஞ்சீவி நமசிவாயத்துக்கு, உன் தகப்பன் பால்வண்ணநாதன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அத்தை சொக்கம்மாளும் உன் தங்கை குழலியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் முத்துவடிவும் புதிதாக வந்திருக்கும் என் பேரனும் அப்படியே இருக்க வேண்டும். சம்பந்தியம்மாள் அங்கேயே பேறுகாலத்துக்கு வந்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். முத்துவடிவுக்குப் பச்சை உடம்பு, ஜன்னலோரம் படுக்க வைக்காதே. நான் சொல்லச் சொல்ல எழுதுவது சைக்கிள் கடை வல்லிநாயகம், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

உடம்பு நன்றாக இருக்கிறது, வீடுதான் நன்றாக இல்லை. குற்றாலத்தில் சீசனுக்கு முன்னால் பூட்டிக் கிடக்கும் பங்களா ஒன்றில் ரெபேக்காள் டீச்சர் கோடை லீவுக்குப் பாட்டு முகாம் வைத்திருக்கிறாள், குழலியும் அதில் சேர்ந்திருக்கிறாள். கண் தெரியாத பிள்ளை, வாய் திக்குகிற பிள்ளை, காலனிப் பிள்ளை, அக்கிரகாரத்துப் பிள்ளை எல்லோருக்கும் ஒரே பாய், ஒரே பந்தி. உன் அத்தை முதல் நாளே பிடித்துக்கொண்டாள், எல்லாச் சாதியும் ஒண்ணா உக்காந்து திங்குதாம், நாளைக்கு இவள எவன் கெட்டுவான் என்று. இப்ப மட்டும் வாசல்ல வரிசை கட்டி நிக்கானுவளாக்கும் என்று நான் திருப்பிக் கேட்டேன். வருகிற இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முகாம் முடிகிறது, அன்றைக்கு ஊர் கூட்டி வில்லுப்பாட்டு. அதில் குடம் அடிப்பது உன் தங்கை. யாராவது வீட்டுக்கு வந்தால் சூம்பின காலை மறைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போகிறவள், அங்கே முன்வரிசையில் உட்கார்ந்து குடம் அடிக்கிற பனமட்டையை ஓங்கிக்கொண்டு, தாளத்தை விட்டு முந்தி உடுக்கு அடிக்கும் முகம்மது மீரானை, ஏலே எங்க ஓடுத, அருவியில தண்ணி வந்துட்டா, நில்லுலே என்று அதட்டுகிறாள். அவனுக்குக் கண் தெரியாது, வாய் மட்டும் ஊருக்குத் தெரியும், நீ நொண்டி நொண்டி வந்தா நான் எம்புட்டு நேரம் நிக்க, வெரசா வாட்டி என்றான். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது இவள்தான். அந்தச் சொல்லுக்கு அவள் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்படி இருந்த பிள்ளைக்கு என்ன வந்தது என்று சொல்லுகிறேன். புதன்கிழமை காலையில் அடித்துப் பழக வீட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுத்தாள், அது விரிசல் விட்டு இரண்டாகப் போய்விட்டது. உன் அத்தை தலையில் கை வைத்துவிட்டாள், அங்க ஒருத்தி வயித்துப்பிள்ளையோட இருக்கையில இங்க கொள்ளிக்குடம் மாதிரில்லா உடைச்சிருக்கா என்று. மறுநாள் மத்தியானம் உன் தந்தி வந்தது. நல்ல சேதி சொல்லி நம் தெருவுக்குத் தந்தி வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை, கொழும்பில் என் தம்பி போனதும் தந்தியில்தான், எதிர்வீட்டு மருமகன் போனதும் தந்தியில்தான். கைநாட்டு வைத்துக் காகிதத்தை வாங்கினவன் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை தலையை விரித்துப் போட்டு அழ ஆரம்பித்தாள், அதைப் பார்த்துத் தெருவே வந்து அழுதது. தந்தி இங்கிலீஷில், கூடி நின்றவர்களுக்கும் படிக்கத் தெரியாது, இந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தது எட்டாம் கிளாஸ் படித்த குழலி ஒருத்திக்குத்தான். சுவரைப் பிடித்து வந்து, அப்பா இங்க குடுங்க, எழுத்துக்கூட்டி நான் வாசிக்கேன் என்று கையை நீட்டினாள். நான் குடுப்பதற்குள் உன் அத்தை பறித்துக்கொண்டாள், குடத்தத் தொட்டது போதும்டி, இதையும் தொட்டு மிச்சத்தையும் முடிச்சிராத என்று. கூடி நின்றவர்களில் ஒருத்தர்கூட அத்தையைத் தடுக்கவில்லை. தென்காசிக்குப் போயிருந்த வல்லிநாயகத்துக்கு ஆள் போய், அவன் வந்து பார்த்து, என்னத்துக்கு அழுதிய, ஆம்பளப் பிள்ள, தாயும் பிள்ளயும் சொகம் என்று சொல்லும் வரைக்கும் அழுகை ஓயவில்லை. அழுத வாயெல்லாம் உடனே சீனி கேட்டது. குழலி பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. பார்த்தால் அவளே போட்ட பனமட்டை அடுப்பில் எரிகிறது.

அதற்குப் பிறகு முகாமுக்குப் போகவில்லை. டீச்சர் வந்து கூப்பிட்டாள், மீரான் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்து உடுக்கை அடித்தான், கதவு திறக்கவில்லை. குடம் இல்லாமல் வில் ஏது, அத்தனை பிள்ளைகளும் இவளுக்காகக் காத்திருக்கிறார்கள். வாய் தவறி வந்துட்டு, அதுக்கு இம்புட்டு வீம்பா என்று உன் அத்தை இப்போது தணிந்து பேசுகிறாள். நான் புதுக்குடம் வாங்கி வைத்தேன், அதன்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டாள். என்னிடம் ஒன்றுதான் சொன்னாள், நான் குடம் அடிச்சித்தான் மதினி செத்தாள்னு எல்லாரும் நம்புனிய, நீங்களுந்தான் அப்பா. 

நீ பம்பாய்க்கு ரயில் ஏறின அன்று தென்காசி ஸ்டேஷனில், ஏட்டி உனக்கு என்ன வாங்கி அனுப்ப என்று கேட்டாய். உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி, எம்பேருக்கு ஒரு கடுதாசி போடுங்க என்றாள். நீ சிரித்தாய், வண்டி போய்விட்டது. அன்று முதல் இந்த வீட்டுக்கு வந்த தபால் எல்லாம் எழுத்தறியாத என் பேருக்குத்தான் வந்தது. இப்போது அவள் பேருக்கு ஒரு தந்தி கொடு. கடிதம் வேண்டாம், நாள் இல்லை. பிள்ளைக்குப் பேர் சொல்லித் தொட்டிலில் போட வேண்டிய அத்தை அவள்தானே, அதனால் உன் மகன் சொன்னதாகவே இருக்கட்டும், அத்தை குடம் அடிக்க வேண்டும், எனக்கு ஒரு பேரும் வைக்க வேண்டும் என்று. தந்திக்காரனைப் பார்த்ததும் தெரு மறுபடியும் அழும். அழட்டும். இந்தத் தடவை நான் வாசலில் நின்று ஒரு கையும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வேன், அவள் வாங்கி, அவள் வாசித்து, அவள் வாய் திறந்து சொன்னால்தான் ஊருக்குச் சேதி.

மகனே, நீயும் மனைவி மக்களும் தீர்க்காயுசாக இருங்கள். குளிர்ந்த தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டாதே. வெள்ளிக்கிழமைக்குள் தந்தி வந்துவிட வேண்டும், மறுபடியும் சொல்லுகிறேன், என் பேருக்கு அல்ல, குழல்வாய்மொழி என்று முழுப்பேரும் போட்டு.

இப்படிக்கு, உன் தகப்பன்
பால்வண்ணநாதன் (கைநாட்டு)