தண்ணீர் ஊற்றாத தக்காளி

அன்புத் தங்கச்சிக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதச் சொல்லி உன் அண்ணி பக்கத்திலேயே நிற்கிறாள். நம் மண் அணைக்கு அடியில் நான் போட்ட தக்காளித் தோட்டம் நினைவிருக்கிறதா? ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றாமல் காய்த்துத் தள்ளியதே!

"அண்ணே, அது கரையிலேருந்து கசியுற தண்ணி. மதகைத் திறந்து தண்ணியை இறக்கு" என்றாய். "என் தோட்டத்துல கண்ணு வைக்காதே" என்றேன். அன்று போனவள்தான் நீ. இரண்டு வருடம் ஆகிறது.

செவ்வாய்க்கிழமை பழம் பறிக்கும்போது முழங்கால்வரை புதைந்தேன். கசிவு கலங்கலாக வந்தது. கரையின் மண்ணே கரைந்து வந்துகொண்டிருந்தது. மதகைத் திறந்துவிட்டு, கீழே இருக்கும் ஆறு வீடுகளுக்கும் ஓடிப்போய்ச் சொன்னேன். இப்போது தண்ணீர் பாதிக்கும் கீழே. எல்லோரும் பத்திரம்.

பார்க்க வந்த பொறியாளர், "நல்லவேளை, இறக்கிட்டீங்க. யார் சொன்னாங்க?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி."

"எப்போ?"

எனக்கு இருமல் வந்துவிட்டது.

திங்கட்கிழமை தோட்டத்தைத் தோண்டி, கசிவை அடக்க மணலும் கல்லும் போடப்போகிறோம். முதலில் ஈரம் கண்ட இடத்தை நீதான் காட்ட வேண்டும். செடிகளையெல்லாம் நானே பிடுங்கிவிட்டேன். கண் வைக்க இனி ஒன்றுமில்லை, வா.

இருமல் இன்னும் நிற்காத,
அண்ணன்